பழைய வொர்க்ஸ்டேஷன்களில் உள்ள வன்தட்டின் இடைமுகத்தைக் கண்டறிவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1980களின் தொடக்கம் முதல் 2000ஆம் ஆண்டு வரை சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ், டிஜிட்டல் எக்விப்மென்ட், எச்பி, அப்பல்லோ, நெக்ஸ்ட் போன்ற நிறுவனங்கள் தயாரித்த வொர்க்ஸ்டேஷன்களுக்குள் பத்துக்கும் குறையாத வன்தட்டு இடைமுகங்கள் (வன்தட்டும் கணினியும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு முறைகள்) இருந்திருக்கின்றன. அவற்றில் சில, வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று அப்படியே ஒத்திருக்கும். ஒரே அளவிலான கனெக்டர், ஒரே கேபிள், ஒரே நிறுவனத்தின் பெயர்ப்பட்டை எல்லாம் இருந்தும் உள்ளே ஓடும் மின்சமிக்ஞை முற்றிலும் வேறாக இருக்கலாம். எனவே கனெக்டரைப் பார்த்த மாத்திரத்தில் முடிவுக்கு வருவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. கனெக்டர் குடும்பத்தை மட்டுமே சொல்லும். வன்தட்டின் மாடல் எண் இடைமுகத்தைச் சொல்லும். அது இணைந்திருந்த கன்ட்ரோலர், அதாவது வன்தட்டை இயக்கும் மின்சுற்றுதான் உள்ளிருக்கும் தரவு எந்த வடிவில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லும். இந்த மூன்றும் ஒத்துப்போகும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

தேவைப்படும் கருவிகள் குறைவு: திருப்புளிகள், நல்ல டார்ச் விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, தொடர்ச்சிச் சோதனை வசதியுள்ள மல்டிமீட்டர், புகைப்படம் எடுக்க ஒரு கைபேசி. நிலைமின்சாரத்தைத் தவிர்க்க மணிக்கட்டுப் பட்டை இருந்தால் நல்லது.

முதல் படி: கழற்றுவதற்கு முன் பதிவு செய்தல்

பெட்டியைத் திறந்தவுடன் எந்தக் கேபிளையும் பிடுங்க வேண்டாம். வன்தட்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேபிளும் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை முழு நீளத்துக்கும் படம் பிடியுங்கள். தட்டைக் கேபிளின் ஒரு ஓரத்தில் இருக்கும் சிவப்பு அல்லது நீலக் கோடு முதல் பின்னைக் குறிக்கிறது. அது வன்தட்டுப் பக்கத்திலும் கன்ட்ரோலர் பக்கத்திலும் எந்தத் திசையில் இருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். வன்தட்டின் அடிப்பகுதியில் உள்ள ஜம்பர்களையும் அப்போதே படம் பிடித்துவிடுங்கள். இரண்டு வன்தட்டுகள் இருந்தால் எது எந்தக் கேபிளில் இருந்தது என்பதை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுவது, பிற்பாடு நினைவை நம்புவதைவிடப் பாதுகாப்பானது.

இதில் வன்தட்டைவிடக் கேபிள் போய்ச் சேரும் இடமே முக்கியம். வொர்க்ஸ்டேஷனின் தாய்ப்பலகைக்கு நேரே போகிறதா, தனிக் கன்ட்ரோலர் அட்டைக்குப் போகிறதா, அல்லது இரண்டுக்கும் நடுவே இன்னொரு சிறிய பலகை உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்றாம் வகைதான் பலரையும் ஏமாற்றுவது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: இயந்திரத்தின் காலத்தை வைத்து ஊகித்தல்

இயந்திரத்தின் பெயரும் மாடலும் தெரிந்தால் தேட வேண்டிய எல்லை பெரிதும் சுருங்கிவிடும். கீழே வரும் எஸ்எம்டி, ஸ்கஸி, ஐடிஇ, ஃபைபர் சேனல், எஸ்டி-506, ஈஎஸ்டிஐ, டிஎஸ்எஸ்ஐ, எஸ்டிஐ எல்லாம் இடைமுகங்களின் பெயர்கள்; இவற்றில் பெரும்பாலானவற்றின் அடையாளங்களை அடுத்தடுத்த படிகளில் பார்க்கலாம். 1985ஐ ஒட்டி வந்த சன்-3 குடும்பத்தில் பெரிய மாடல்களுக்கு எஸ்எம்டி வன்தட்டுகளும், 3/50, 3/60 போன்ற மேசை மாடல்களுக்கு வெளியே வைக்கும் ஸ்கஸி பெட்டிகளும் இருந்தன. 1989இல் வந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 1 முதல் சன் மேசைக் கணினிகளில் ஸ்கஸியே உள்வன்தட்டாக நிலைபெற்றது. 1994இன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5, 20 ஆகியவற்றில் அதே ஸ்கஸி 80 பின் கொண்ட எஸ்சிஏ கனெக்டருக்கு மாறியது. 1998இல் வந்த அல்ட்ரா 5, அல்ட்ரா 10 இரண்டும் சாதாரண ஐடிஇ வன்தட்டுகளையே பயன்படுத்தின. 2000இல் வந்த பிளேடு 1000 ஃபைபர் சேனலுக்குத் தாவியது. ஒரே நிறுவனத்தின் பதினைந்து ஆண்டு வரலாற்றுக்குள்ளேயே இத்தனை மாற்றங்கள்.

சிலிக்கான் கிராஃபிக்ஸில் ஐரிஸ் 2000, 3000 வரிசைகளில் எஸ்டி-506, ஈஎஸ்டிஐ, எஸ்எம்டி மூன்றையும் காணலாம். 1988இன் பர்சனல் ஐரிஸ் ஸ்கஸிக்கு வந்துவிட்டது. 1991இன் இண்டிகோவிலும் 1993இன் இண்டியிலும் 50 பின் ஸ்கஸி. 1996இன் ஓ2, 1997இன் ஆக்டேன் இரண்டிலும் எஸ்சிஏ. 1988இல் வெளிவந்த நெக்ஸ்ட் கணினி தொடக்கம் முதலே ஸ்கஸிதான். அப்பல்லோ டிஎன்3500இல் ஈஎஸ்டிஐ எதிர்பார்க்கலாம்.

டிஜிட்டல் நிறுவனம் இந்த வேலையைப் பெரிதும் எளிதாக்கி வைத்திருக்கிறது. அதன் வன்தட்டுப் பெயர்களில் உள்ள இரண்டு எழுத்துகளே இடைமுகத்தைச் சொல்லிவிடும்: ஆர்டி என்றால் எஸ்டி-506, ஆர்இசட் என்றால் ஸ்கஸி, ஆர்எஃப் என்றால் டிஎஸ்எஸ்ஐ, ஆர்ஏ என்றால் எஸ்டிஐ. மைக்ரோவாக்ஸ் 2, வாக்ஸ்ஸ்டேஷன் 2000 ஆகியவற்றில் ஆர்டி வகையும், வாக்ஸ்ஸ்டேஷன் 3100இல் பெரும்பாலும் ஆர்இசட் வகையும் இருக்கும். ஆர்டி53 என்ற பட்டைக்கு அடியில் இருப்பது மைக்ரோபோலிஸ் 1325, ஆர்டி54க்கு அடியில் மேக்ஸ்டர் எக்ஸ்டி-2190, ஆர்இசட்23க்கு அடியில் கானர் சிபி-3100. மற்ற நிறுவனங்களும் இவ்வளவு ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால் இந்த வழிகாட்டியின் பாதி தேவைப்பட்டிருக்காது.

ஆனால் காலத்தை வைத்துச் செய்யும் ஊகம் ஊகம்தான். இந்த இயந்திரங்கள் பல கைகள் மாறியவை. உள்ளே இருக்கும் வன்தட்டு தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதே என்று கொள்ள முடியாது.

மூன்றாம் படி: கனெக்டர்களை எண்ணுதல்

வன்தட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு பின் கொண்ட வெள்ளை நிற மின்சாரக் கனெக்டரை ஒதுக்கிவிட்டு, தரவுக்கான கனெக்டர்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பின்கள் என்று எண்ண வேண்டும். ஒரு வரிசையை எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். கனெக்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பின்களால் ஆனதா, அல்லது மின்சுற்றுப் பலகையின் விளிம்பே தங்கப்பூச்சுப் பட்டைகளோடு கனெக்டராக அமைந்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலகை விளிம்பில் 34 தொடர்புகளும், பக்கத்திலேயே குறுகலான 20 தொடர்புகளும் இருந்தால், அது எஸ்டி-506 குடும்பம் அல்லது ஈஎஸ்டிஐ. 50 பின்கள் கொண்ட ஒரே கனெக்டர் என்றால் பெரும்பாலும் ஸ்கஸி. ஆனால் டிஎஸ்எஸ்ஐயாகவும் இருக்கலாம். 68 பின்கள் என்றால் அகல ஸ்கஸி. மின்சாரத்துக்கும் தனிக் கனெக்டர் இல்லாமல் எல்லாம் ஒன்றுக்குள் அடங்கிய 80 தொடர்புகள் என்றால் எஸ்சிஏ ஸ்கஸி. அதே வடிவத்தில் நீளம் குறைந்து 40 தொடர்புகளே இருந்தால் அது ஃபைபர் சேனல். சாதாரண 40 பின்கள், தனி மின்சாரக் கனெக்டர் என்றால் ஐடிஇ. 60 கம்பிகள் கொண்ட அகலமான கேபிளும் 26 கம்பிகள் கொண்ட சிறிய கேபிளும் சேர்ந்து வந்தால் எஸ்எம்டி.

எட்டு அங்குல வன்தட்டில் பலகை விளிம்பாக அமைந்த 50 தொடர்புகளைக் கண்டால் அதை ஸ்கஸி என்று எண்ணிவிட வேண்டாம். ஷுகார்ட் எஸ்ஏ1000 வகை வன்தட்டுகள் 50 தொடர்புகள் கொண்ட கட்டுப்பாட்டுக் கேபிளையும் 20 தொடர்புகள் கொண்ட தரவுக் கேபிளையும் பயன்படுத்தின. எட்டு அங்குல ஃபிளாப்பிகளிலும் இதே 50 தொடர்பு விளிம்பு உண்டு.

நான்காம் படி: 34ம் 20ம் சேர்ந்து வந்தால்

இந்த ஜோடிதான் அதிக நேரத்தை விழுங்குவது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1980இல் சீகேட் வெளியிட்ட எஸ்டி-506 ஐந்து மெகாபைட் கொள்ளளவு கொண்டது. அடுத்த ஆண்டு பத்து மெகாபைட் எஸ்டி-412 வந்தது. இவை வகுத்த இடைமுகத்தில் 34 கம்பிக் கேபிள் கட்டளைகளையும், 20 கம்பிக் கேபிள் தரவையும் சுமக்கின்றன. கட்டளைக் கேபிளைப் பல வன்தட்டுகள் வரிசையாகப் பகிர்ந்துகொள்ளலாம். தரவுக் கேபிளோ ஒவ்வொரு வன்தட்டிலிருந்தும் தனித்தனியாகக் கன்ட்ரோலருக்குப் போக வேண்டும்.

எஸ்டி-506 வன்தட்டு தட்டிலிருந்து படிக்கும் துடிப்புகளை அப்படியே அனுப்புகிறது. அவற்றிலிருந்து தரவையும் கடிகாரத்தையும் பிரித்தெடுக்கும் வேலை கன்ட்ரோலருடையது. அந்தப் பிரித்தெடுக்கும் சுற்றை வன்தட்டுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்ததுதான் ஈஎஸ்டிஐ செய்த மாற்றம். எஸ்டி-506 நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் நின்றபோது ஈஎஸ்டிஐ 10, 15 மெகாபிட் என்று உயர முடிந்ததற்கு அதுவே காரணம். கேபிள்களின் அளவு மாறவில்லை. சமிக்ஞைகளின் பொருள் மாறிவிட்டது. அதனால்தான் ஒன்றின் கேபிள் இன்னொன்றில் அழகாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது.

மைக்ரோபோலிஸ் 1325, 1355 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 5.25 அங்குல முழு உயர வன்தட்டுகள். இரண்டுக்கும் 1024 சிலிண்டர்கள் (ஒரே தூரத்தில் உள்ள வட்டத் தடங்களான டிராக்குகளின் தொகுதிகள்), எட்டு ஹெட்கள் (படிக்கும், எழுதும் முனைகள்). பின்னால் அதே 34, அதே 20. முதலாவது எம்எஃப்எம் என்ற குறியீட்டு முறையில் எழுதும் எஸ்டி-506, இரண்டாவது ஈஎஸ்டிஐ. முதலாவதில் ஒரு டிராக்குக்கு 512 பைட் கொண்ட 17 செக்டர்கள்: 1024ஐ 8ஆல் பெருக்கி, 17ஆலும் 512ஆலும் பெருக்கினால் 7,13,03,168 பைட், அதாவது ஆர்டி53இன் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் 71 மெகாபைட். 1355இல் டிராக்குக்கு 34 செக்டர்கள் வைத்தால் அது இரட்டிப்பாகி 142 மெகாபைட் ஆகிறது. சன் அதையே 141 மெகாபைட் வன்தட்டாக விற்றது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு வன்தட்டுகளைப் பிரிப்பது, பட்டையில் உள்ள மூன்றாவது இலக்கம் மட்டுமே.

எனவே இந்தக் கட்டத்தில் மாடல் எண்ணே தீர்ப்பு சொல்ல வேண்டும். மைக்ரோபோலிஸில் 132 என்று தொடங்கினால் எஸ்டி-506, 135 என்று தொடங்கினால் ஈஎஸ்டிஐ, 137 என்று தொடங்கினால் ஸ்கஸி. அடுத்த தலைமுறையில் 155 ஈஎஸ்டிஐ, 157 ஸ்கஸி. மேக்ஸ்டரில் எக்ஸ்டி-1140, எக்ஸ்டி-2190 போன்றவை எஸ்டி-506. எக்ஸ்டி-4380, எக்ஸ்டி-8760 ஆகியவற்றில் கடைசி எழுத்து ஈ என்றால் ஈஎஸ்டிஐ, எஸ் என்றால் ஸ்கஸி. கன்ட்ரோல் டேட்டாவின் ரென் வரிசையில் 941 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 94155 எஸ்டி-506, 94166 ஈஎஸ்டிஐ, 94161 ஸ்கஸி. 5, 6, 1 என்ற இந்த மூன்று இலக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் ரென் வன்தட்டுகளில் பெரும்பாலானவற்றை ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

சீகேட்டில் பின்னொட்டு எழுத்துகளே வழிகாட்டி. எழுத்து எதுவும் இல்லாத பழைய எண், உதாரணமாக எஸ்டி-225 அல்லது எஸ்டி-251, எம்எஃப்எம். கடைசியில் ஆர் இருந்தால் ஆர்எல்எல் (இன்னொரு குறியீட்டு முறை), ஈ இருந்தால் ஈஎஸ்டிஐ, என் இருந்தால் 50 பின் ஸ்கஸி, ஏ இருந்தால் ஐடிஇ, டபிள்யூ இருந்தால் அகல ஸ்கஸி, டபிள்யூசி இருந்தால் எஸ்சிஏ, என்டி அல்லது டபிள்யூடி இருந்தால் டிஃபரென்ஷியல் ஸ்கஸி (ஐந்தாம் படியில் விளக்கம்), எஃப்சி இருந்தால் ஃபைபர் சேனல். 1989இல் கன்ட்ரோல் டேட்டாவின் வன்தட்டுப் பிரிவான இம்பிரிமிஸைச் சீகேட் வாங்கியதால், ஒரே வன்தட்டு ரென் எண்ணோடும் சீகேட் எண்ணோடும் கிடைப்பதுண்டு.

எம்எஃப்எம்மும் ஆர்எல்எல்லும் இடைமுகத்தால் வேறல்ல. எழுதும் குறியீட்டு முறையால்தான் வேறு. ஆர்எல்எல் நொடிக்கு 7.5 மெகாபிட் வேகத்தில் டிராக்குக்கு 26 செக்டர்கள் வரை எழுதும். இது வன்தட்டைவிடக் கன்ட்ரோலரைச் சார்ந்தது என்பதால், எம்எஃப்எம் வன்தட்டை ஆர்எல்எல் கன்ட்ரோலரில் போட்டு ஒன்றரை மடங்கு இடம் பெற முயன்றவர்கள் அக்காலத்தில் ஏராளம். பட்டையில் எஸ்டி-225 என்று இருப்பதாலேயே உள்ளே எம்எஃப்எம் என்று உறுதி சொல்ல முடியாது. இத்தகைய கலப்பு பெர்சனல் கம்ப்யூட்டர்களில்தான் அதிகம், வொர்க்ஸ்டேஷன்களில் அரிது.

பட்டை கிழிந்துபோயிருந்தால் கன்ட்ரோலர் அட்டையைப் படியுங்கள். டபிள்யூடி1010, டபிள்யூடி2010, எச்டிசி9224 ஆகிய சிப்புகளில் ஏதேனும் இருந்தால் எஸ்டி-506 குடும்பம் என்று கொள்ளலாம். வாக்ஸ்ஸ்டேஷன் 2000இன் பலகையில் இருப்பது மூன்றாவது சிப். வன்தட்டின் கொள்ளளவு எப்படியாவது தெரிந்தால் அதுவும் உதவும். எம்எஃப்எம்மில் பெரியதாகக் கருதப்பட்ட எக்ஸ்டி-2190கூட 1224 சிலிண்டர், 15 ஹெட், 17 செக்டர் கணக்கில் 159 மெகாபைட்தான். அதைவிடக் கணிசமாகப் பெரிய வன்தட்டின் பின்னால் 34ம் 20ம் இருந்தால் ஈஎஸ்டிஐ என்று துணிந்து சொல்லலாம்.

சோதனைக்காக வேறு கேபிள் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஃபிளாப்பி கேபிளும் 34 கம்பிதான். பெர்சனல் கம்ப்யூட்டர்களின் ஃபிளாப்பி கேபிளில் 10 முதல் 16 வரையான கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். வன்தட்டுக் கேபிளில் 25 முதல் 29 வரை முறுக்கப்பட்டிருக்கும். வொர்க்ஸ்டேஷன்களில் வருவது பெரும்பாலும் முறுக்கே இல்லாத நேர்க்கேபிள். எந்த வன்தட்டு என்பதை ஜம்பர் தீர்மானிக்கும்.

ஐந்தாம் படி: 50 பின்களின் குழப்பம்

1986இல் ஸ்கஸி அமெரிக்கத் தரநிலையாக வெளிவந்தது. அதற்கு முன்னோடி ஷுகார்ட் நிறுவனத்தின் சாசி. 50 பின் கனெக்டரைக் கண்டால் ஸ்கஸி என்பது நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும். மிச்சமுள்ள பத்தில்தான் சிப்புகள் கருகுகின்றன.

முதலில் டிஎஸ்எஸ்ஐ. 1980களின் பிற்பகுதியில் டிஜிட்டல் நிறுவனம் மைக்ரோவாக்ஸ் 3300, 3400 போன்றவற்றுக்காகக் கொண்டுவந்த இந்த இடைமுகத்துக்கும் 50 பின் கனெக்டரே. ஆர்எஃப்30, ஆர்எஃப்31, ஆர்எஃப்71 என்று பட்டையில் இருந்தால் அதை ஸ்கஸி கன்ட்ரோலரில் செருகக் கூடாது. இணையத்தில் ஏலம் விடுபவர்கள் இவற்றை ஸ்கஸி என்றே எழுதி விற்பதுண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பட்டையைப் படித்த பிறகு பணம் கொடுப்பது நல்லது.

அடுத்தது ஸ்கஸிக்குள்ளேயே இருக்கும் பிரிவு. சாதாரண ஒற்றைமுனை ஸ்கஸியில் ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஒரு கம்பி, அதன் பக்கத்தில் ஒரு கிரவுண்ட். உயர்மின்னழுத்த டிஃபரென்ஷியல் ஸ்கஸியில் ஒவ்வொரு சமிக்ஞைக்கும் நேர், எதிர் என இரண்டு கம்பிகள். கனெக்டர் ஒன்றே, இரண்டையும் ஒரே கேபிளில் சேர்த்தால் கேபிள் முழுவதும் செயலிழக்கும், சிப்புகளும் சேதமடையலாம். எச்பி 9000 வரிசையின் 735, 755 மாடல்களில் வேகமான அகல டிஃபரென்ஷியல் ஸ்கஸி உண்டு என்பதால், எச்பி இயந்திரத்திலிருந்து எடுத்த வன்தட்டு என்றாலே இந்தச் சந்தேகம் எழ வேண்டும்.

50 பின் வன்தட்டில் இதைத் தீர்மானிக்க மல்டிமீட்டர் போதும். மின்சாரம் எதுவும் இணைக்காமல், வன்தட்டைத் தனியே மேசைமீது வையுங்கள். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒரு முனையை மின்சாரக் கனெக்டரின் நடுவில் உள்ள இரண்டு கிரவுண்ட் பின்களில் ஒன்றில் வையுங்கள். மறுமுனையால் 50 பின் கனெக்டரின் 3, 5, 7 என்று 19 வரையுள்ள ஒற்றைப்படைப் பின்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். முதல் பின் இருக்கும் வரிசை முழுவதும் ஒற்றைப்படை, எதிர்வரிசை முழுவதும் இரட்டைப்படை என்பது நினைவிருக்கட்டும். ஒவ்வொரு பின்னிலும் ஒலி கேட்டால் ஒற்றைமுனை. முதல் பின்னில் மட்டும் ஒலித்து, 3 முதல் 19 வரை எதிலும் ஒலிக்காவிட்டால் டிஃபரென்ஷியல். அவை எட்டுத் தரவுக் கம்பிகளின் நேர் முனைகளும், பிழை சரிபார்க்கும் பாரிட்டி கம்பியின் நேர் முனையும். வரிசையைத் தலைகீழாக எண்ணிவிடாமல் இருக்க, பலகையில் 1 என்று அச்சிட்டிருக்கும் இடத்தையோ சதுரப் பற்றவைப்புப் புள்ளியையோ முதலில் தேடிக்கொள்ளுங்கள். டிஎஸ்எஸ்ஐயைப் பிரித்தறிய இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அதற்குப் பட்டையில் உள்ள பெயர்தான் சான்று.

கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய துணைச்சான்றுகளும் உண்டு. ஒற்றைமுனை வன்தட்டில் கனெக்டருக்கு அருகே டெர்மினேட்டர் (கேபிள் முனையில் சமிக்ஞை எதிரொலிக்காமல் தடுப்பது) ரெசிஸ்டர் பொதிகள் வரிசையாகச் செருகியிருக்கலாம், அல்லது அவற்றுக்கான காலித் துளைகள் இருக்கலாம். டிஃபரென்ஷியல் வன்தட்டில் அந்த இடத்தை 75176 குடும்பத்தைச் சேர்ந்த டிரான்சீவர் சிப்புகள் பிடித்திருக்கும். வெளிப்பெட்டிகளில் சாய்சதுர வடிவ ஸ்கஸி குறியின் அருகே எஸ்இ, டிஃப், எல்விடி என்ற எழுத்துகளில் ஒன்று இருக்கும்.

மேலே சொன்ன மல்டிமீட்டர் சோதனையை 68, 80 பின் வன்தட்டுகளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பிற்காலத்தில் வந்த குறைந்த மின்னழுத்த டிஃபரென்ஷியல் வன்தட்டுகளிலும் சமிக்ஞைகள் இரட்டைக் கம்பிகளில்தான் போகும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைமுனைக் கேபிளில் செருகினால் தாமாகவே அந்த முறைக்கு மாறிக்கொள்ளும். அவற்றுக்கு மாடல் எண்ணின் பின்னொட்டே நம்பகமானது.

ஆறாம் படி: நடுவில் உட்கார்ந்திருக்கும் பலகை

சன்-3 காலத்தில் வெளியே வைக்கும் வன்தட்டுப் பெட்டிக்கு ஷூபாக்ஸ் என்று பெயர். அதன் பின்பக்கத்தில் மூன்று வரிசைகளாக 50 பின் கொண்ட டி வடிவக் கனெக்டர் இருக்கும். அதில் ஓடுவது ஸ்கஸி. ஆகவே உள்ளே இருப்பதும் ஸ்கஸி வன்தட்டு என்று நினைக்கத் தோன்றும். மூடியைக் கழற்றினால் 50 கம்பிக் கேபிள் வன்தட்டுக்குப் போகாமல் ஒரு பலகைக்குப் போவதையும், அந்தப் பலகையிலிருந்து 34, 20 கம்பிக் கேபிள்கள் வன்தட்டுக்குப் போவதையும் காணலாம். 71 மெகாபைட் பெட்டியில் அந்தப் பலகை அடாப்டெக் ஏசிபி-4000. அது எம்எஃப்எம் வன்தட்டை ஸ்கஸியாக மாற்றிக் காட்டுகிறது. 141 மெகாபைட் பெட்டியில் எமுலெக்ஸ் எம்டி21. அது ஈஎஸ்டிஐக்கான மாற்றி. பக்கத்தில் டேப் டிரைவ் இருந்தால் அதற்கும் எமுலெக்ஸ் எம்டி-02 என்று இன்னொரு மாற்றிப் பலகை உண்டு.

இங்கே கடைப்பிடிக்க வேண்டிய விதி கண்டிப்பானது: வன்தட்டையும் அந்தப் பலகையையும் பிரிக்கக் கூடாது. தட்டில் செக்டர்களை வகுத்த விதம், பழுதான இடங்களின் பட்டியல் எல்லாம் அந்தப் பலகையின் வழக்கப்படி எழுதப்பட்டவை. வன்தட்டை மட்டும் எடுத்து வேறு எம்எஃப்எம் கன்ட்ரோலரில் போட்டால் அது சுழலும், ஹெட் நகரும், தரவு மட்டும் வராது. மைக்ரோவாக்ஸின் ஆர்கியூடிஎக்ஸ்3 போன்ற தனி அட்டைகளுக்கும் இதே விதிதான்.

மாற்றிப் பலகை ஒவ்வொன்றும் இரண்டு வன்தட்டுகளைத் தாங்கும். ஸ்கஸி பார்வையில் இரண்டுக்கும் ஒரே முகவரி. ஒரே முகவரிக்குள் அவற்றைப் பிரித்துக் காட்டும் லூன் எண் மட்டும் 0, 1 என்று மாறும். இன்றைய ஸ்கஸி கன்ட்ரோலரில் அந்தப் பெட்டியை இணைக்கும்போது லூன் 1ஐயும் தேடச் சொல்லாவிட்டால் இரண்டாவது வன்தட்டு இல்லாதது போலவே தோன்றும்.

ஏழாம் படி: அரிதாகத் தென்படுபவை

எஸ்எம்டி வன்தட்டுகளைத் தவறவிட முடியாது. கன்ட்ரோல் டேட்டா 1970களில் உருவாக்கிய இந்த இடைமுகம் 14, 10.5, 8 அங்குலப் பெரிய வன்தட்டுகளுக்கானது. 474 மெகாபைட் ஃபுஜிட்சு ஈகிள் இதன் புகழ்பெற்ற உறுப்பினர். அதைத் தூக்க ஒருவர் போதாது. சன் இயந்திரங்களில் இவற்றுக்குச் சைலாஜிக்ஸ் 450, 451 கன்ட்ரோலர்கள் வந்தன. ஐபிஐ என்ற இன்னொரு இடைமுகத்தின் வன்தட்டுகள் பெரிய சர்வர்களில் இருந்தவை.

பழைய எச்பி 9000 வரிசை 300 இயந்திரங்களில் வன்தட்டு ஆய்வுக்கருவிகளுக்கான எச்பி-ஐபி இடைமுகத்தில் இயங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய 24 பின் கனெக்டரே அதன் அடையாளம். 40 பின் ஐடிஇயில் ஒரே ஒரு சிக்கல்தான்: பழைய எட்டு பிட் எக்ஸ்டி வகையும் அதே 40 பின் கனெக்டரோடு வரும், ஆனால் பதினாறு பிட் கன்ட்ரோலரில் வேலை செய்யாது. சீகேட் எண்ணின் கடைசியில் எக்ஸ் இருந்தால் கவனமாக இருங்கள்.

எட்டாம் படி: மின்சாரம் கொடுத்து உறுதிசெய்தல்

கனெக்டர், மாடல் எண், கன்ட்ரோலர் மூன்றும் ஒன்றையே சொன்ன பிறகு, எல்லாவற்றையும் பழையபடி இணைத்து, மின்வழங்கியின் 5 வோல்ட், 12 வோல்ட் அளவுகளை வன்தட்டு இல்லாமல் முதலில் சரிபார்த்துவிட்டு இயந்திரத்தை இயக்கலாம். சில மின்வழங்கிகள் சுமையே இல்லாமல் சரியாக இயங்கா; அவற்றுக்குப் பழைய, பயனற்ற வன்தட்டு ஒன்றைச் சுமையாகக் கொடுங்கள். ஆர்டி53 வகை வன்தட்டுகளில் உள்ளிருக்கும் ரப்பர் தடுப்பு காலப்போக்கில் பிசுபிசுத்து ஹெட் அமைப்பைப் பிடித்துக்கொள்வது பரவலாக அறியப்பட்ட நோய். தட்டு சுழன்றும் இயந்திரம் வன்தட்டை ஏற்காவிட்டால், இடைமுகத்தைத் தவறாகக் கண்டுபிடித்துவிட்டோமோ என்று ஐயுறும் முன் இதை நினைவுகூருங்கள்.

ஓபன்பூட் (இயந்திரத்தைத் துவக்கும் உள்மென்பொருள்) உள்ள சன் இயந்திரங்களில் புரோப்-ஸ்கஸி என்ற கட்டளை இணைந்திருக்கும் ஸ்கஸி சாதனங்களின் நிறுவனப் பெயரையும் மாடலையும் அச்சிடும். வாக்ஸ்ஸ்டேஷன் 2000, 3100 ஆகியவற்றில் டெஸ்ட் 50 என்ற கட்டளை இயந்திரத்தின் உள்ளமைப்பைக் காட்டும். சிலிக்கான் கிராஃபிக்ஸில் அதற்கு எச்இன்வ் கட்டளை உள்ளது. சன் ஓஎஸ் துவங்கும்போது வரும் செய்திகளில் எக்ஸ்ஒய், எக்ஸ்டி என்று தொடங்கும் சாதனப் பெயர்கள் எஸ்எம்டியையும், ஐடி என்று தொடங்குபவை ஐபிஐயையும், எஸ்டி என்று தொடங்குபவை ஸ்கஸியையும் குறிக்கின்றன. இந்த எஸ்டியைச் சீகேட்டின் மாடல் எழுத்துகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மாற்றிப் பலகை நடுவில் இருந்தால் இக்கட்டளைகள் பலகையைத்தான் காட்டும், வன்தட்டை அல்ல.

வன்தட்டு முதன்முறை சுழன்று நிலைபெற்றதும் இயங்குதளத்தை முழுதாகத் துவக்க அவசரப்பட வேண்டாம். துவங்கும் யூனிக்ஸ் தட்டில் எழுதத் தொடங்கிவிடும். ஸ்கஸி என்றால் உரிய கன்ட்ரோலர் உள்ள லினக்ஸ் கணினியில் இணைத்து, படிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் செல்லும் முறையில் முழுப் பிரதி எடுக்கலாம். 80 பின் வன்தட்டை 68 பின்னுக்கு மாற்றும் சிறு அடாப்டர் எளிதில் கிடைக்கும். எம்எஃப்எம், ஆர்எல்எல் என்றால் பீகிள்போன் பலகையில் இயங்கும் வாசிப்பான், தட்டிலிருந்து வரும் துடிப்புகளை நேரடியாகவே பதிவுசெய்து, எந்தக் கன்ட்ரோலரின் வடிவம் என்பதைப் பிற்பாடு பகுத்தறியும். மூலக் கன்ட்ரோலர் தொலைந்துபோன வன்தட்டுகளுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஈஎஸ்டிஐக்கு இன்றும் மூல இயந்திரமும் மூலக் கன்ட்ரோலருமே பாதுகாப்பான பாதை. வன்தட்டை வெளியே எடுக்காமல், அந்த இயந்திரத்தைப் பிணையத்தில் இணைத்து, அதன் வழியாகவே பிரதியை வெளியே அனுப்புங்கள்.